மாமிக்குக் கொடுத்த வாக்கு

அன்ஸார் குரக்கன் ரொட்டியைப் பிய்த்து, மீன் ஆணத்தில் தொட்டு வாயில் வைத்தான். மறுகணமே பீங்கானைத் தள்ளிவிட்டான்.

“இதென்ன ஆணமா, கடல் தண்ணியா? ரெண்டு தரம் உப்புப் போட்டிருக்கிற.”

அவன் மனைவி ஸல்ஹா குசினி வாசலில் நின்றிருந்தாள். அவள் ஒரு தரம்தான் போட்டாள். மற்றதைப் போட்ட கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே பலகையில் இருந்த மாமி தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்ட கைதான் தவறிட்டு... வேற ஏதும் செஞ்சு தாறன்,” என்றாள் ஸல்ஹா.

“வேணா. இந்தப் பஞ்சத்தில மாவுக்கும் பாணுக்கும் சனம் வரிசையில நிக்குது. நீ ஒரு சட்டி ஆணத்தப் பாழாக்கிப் போட்டு நிக்கிற. உனக்கு இப்ப எதிலதான் கவனம் இருக்கு?”

அவன் எழுந்து கிணற்றடிக்குப் போனான். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் குளிக்க வேண்டும்.

கிண்ணியாவில் அந்த வீடு ஸல்ஹாவின் சீதன வீடு. மாமா மௌத்தான பிறகு மாமி மூதூரிலிருந்து மகனோடு இருக்க வந்தாள். மருமகளின் வீடுதானே என்று ஒதுங்கி ஒதுங்கி நடந்தவள், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு ஒருநாள் ஸல்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என்ட கண்ணு போகுது புள்ள. எல்லாம் புகையாத் தெரியுது. மகனுக்குச் சொல்லிராத. ஒண்டுக்கும் ஏலாதவள் எண்டு தெரிஞ்சா என்ன மகள் அசனாட்ட அனுப்பிருவான். அவள்ட மாமிக்காரியோட என்னால இருக்க ஏலாது. அல்லாவுக்காகச் சொல்லாத.”

ஸல்ஹா வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து உடைந்த பீங்கான், கொட்டிய பால், கருகிய சோறு எல்லாம் அவள் தலையில் விழுந்தன. ‘டாக்டரிட்டக் காட்டுவம் மாமி’ என்று கெஞ்சும்போதெல்லாம், ‘கொஞ்சம் பொறு புள்ள’ என்பாள் கிழவி. கிணறு, அடுப்பு, விளக்கு... இன்றைக்கு எதில் என்ன நடக்குமோ என்ற பயத்தோடுதான் ஸல்ஹா ஒவ்வொரு நாளும் கண்விழித்தாள்.

இப்போது மச்சி அசனாவும் குச்சவெளியிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மாமி பேரனை மடியை விட்டு இறக்கவேயில்லை. ஸல்ஹாவின் பயம் இரட்டித்தது.

அன்ஸார் குளித்துக்கொண்டிருந்தபோது குழந்தை வயிற்றுக் குத்தில் வீரிட்டது. அசனா வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விறகோடு குசினிக்குள் வந்த ஸல்ஹாவின் மூக்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மடியில் குழந்தை, மாமியின் கையில் கரண்டி, பக்கத்தில், ஓமத்தண்ணிப் போத்தல் என்று நினைத்து எடுத்த, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல். கரண்டி பிள்ளையின் உதட்டுக்குப் போய்விட்டது.

விறகைப் போட்டுவிட்டுப் பாய்ந்து மாமியின் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி சுவரில் பட்டுத் தெறித்தது. மாமி கத்தினாள். அசனாவும் ஈரத் தலையோடு அன்ஸாரும் ஓடிவந்தார்கள்.

“உம்மாவுக்குக் கை நீட்டுறியா?” என்றான் அன்ஸார்.

அசனா குழந்தையைப் பறித்தெடுத்து அதன் வாயை மோந்து பார்த்தாள். வாயில் வாடை இல்லை. போத்தலை மோந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“மருந்து இருந்த இடத்தில மண்ணெண்ணெய வெச்சது ஆரு? உனக்குப் பிள்ள இல்லாததுக்கு என்ட பிள்ள என்ன செஞ்சது மச்சி?”

ஸல்ஹா மாமியைப் பார்த்தாள். மாமி வாய் திறக்கவில்லை.

“கவனமில்ல எண்டுதான் நினைச்சன்,” என்றான் அன்ஸார். “உன்ன நம்பி இனி ஒரு சீவனையும் விடேலாது. இது உன்ட வீடு, நீயே இரி. உம்மா, எழும்புங்க. அசனாவோட குச்சவெளிக்குப் போங்க. நானும் இஞ்ச இருக்கமாட்டன்.”

தாயின் கையைப் பிடித்து முற்றத்துக்கு நடத்தினான். படியில் மாமியின் கால் இடறியது. அவள் நின்றுவிட்டாள்.

“பொறு மகன்... ஸல்ஹா எங்க? அவள்ட்ட ஒரு சொல்லுச் சொல்லணும்.”

“உங்களுக்கு முன்னாலதானே நிக்கிறா.”

மாமி கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள்.

“எனக்குத் தெரியல்ல மகன். வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. போத்தல மாத்தி எடுத்தது நான். உப்புப் போட்டதும் நான். சொல்லாத எண்டு இவளக் கெஞ்சினதும் நான்தான்.”

அசனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அன்ஸார் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே ஸல்ஹா...”

“மாமி என்ன நம்பித்தான் சொன்னா. இண்டைக்குப் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தா, அந்த வாக்க வெச்சு நான் என்ன செய்யிற?” அவள் அன்ஸாரின் பக்கம் திரும்பினாள். “ஆனா நீங்க ஒரு நாளாவது ‘என்ன நடக்குது’ எண்டு கேட்டீங்களா? ஏசினீங்க. ஏசுற ஆளிட்ட என்னத்தச் சொல்லுற?”

அன்ஸார், “என்ட பிழைதான்” என்றான்.

“இனி என்ன எங்க அனுப்பப்போறீங்க?” என்றாள் மாமி, சின்னக் குரலில்.

ஸல்ஹா மாமியின் நீட்டிய கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

“இது என்ட வீடு மாமி. இதில ஆரு இருக்கிற எண்டு நான்தான் சொல்லுவன். நாளைக்குக் கண்ண டாக்டரிட்டக் காட்டப் போறம். மாட்டன் எண்டு சொல்ல ஏலாது.”

“நானும் வாறன்,” என்றான் அன்ஸார்.

அசனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை ஸல்ஹாவின் கைகளில் கிடத்திவிட்டு, மிச்சத் துணியைக் காயப்போட வளவுக்குப் போனாள். போகும்போது, பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கண்ட பிறகுதான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை ஸல்ஹாவுக்கு உடைந்து வந்தது.