ஈரமில்லாத தலையணை

காலையில் கண் விழித்ததும் கிரேசி தலையணையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. ஆறு வருடமாக மாத்திரை போட்டுத் தூங்கும் இரவெல்லாம் எச்சில் வழிந்து, விடியும்போது உறை தொப்பலாக நனைந்திருக்கும். விட்டது சனியன் என்று வேறொருத்தி சந்தோஷப்பட்டிருப்பாள். கிரேசி தலையணையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் தடவினாள்.

முற்றத்தில் காயும் நெத்திலியின் வீச்சம் வழக்கத்தைவிடத் தூக்கலாக அறைக்குள் வந்து நிற்க, வழக்கமான தலைமந்தம் போன இடம் தெரியாமல், காது தீட்டிய கத்திபோலக் கூர்ந்து கிடக்க, கோவில் ஒலிபெருக்கியில் நவநாள் பாட்டு முடிந்த பிறகும் அதற்கடியில் ஓடிய ஒரு முணுமுணுப்பு மட்டும் முடியாமல் நீண்டது. தெரிந்த குரல்தான். சுனாமிக்கு மறுவருடம் அவளைக் கழுத்தளவு கடலுக்குள் நடத்திக்கொண்டு போன குரல். மாத்திரை வந்த பிறகுதான் வாயடங்கிக் கிடந்தது.

அடுக்களைக்குப் போனாள். தினமும் மாத்திரையை எடுத்துக் கையில் தருவது அம்மா வியாகுலம்மாள்தான்.

"எம்மா, ராத்திரி எனக்கு என்ன மாத்திர தந்த?"

வியாகுலம்மாள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "சத்து மாத்திர மக்கா. நவநாளுக்கு இன்னைக்கு ஒம்பதாவது நாளு. மருந்தையும் தின்னுட்டு மாதாகிட்ட சொகம் கேட்டா அது விசுவாசமா?"

"பழசு எங்க?"

"கடல்ல போட்டாச்சு. ஒடம்பு ஊதி, வாயொழுகிக்கிட்டு இருந்தா ஒன்ன எவன் கெட்டுவான்?"

"எவனும் கெட்ட வேண்டாம். ஒழுகுனாலும் என் வாயி. எனக்கு எம்புத்தி வேணும்."

மாதாவுக்கு வழிவிடுகிறேன் என்று மருந்தை விலக்கி, யாருக்கு வழி விட்டிருக்கிறாள் இந்த அம்மா! கிரேசிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முட்டியது. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வெயில். ஆளில்லை. முணுமுணுப்பு பின்னால் வந்தது. பக்கத்தில். காதுக்குள். ஏட்டி. பஸ் வேண்டாம். கடலுக்கு வா.

"போலே!" என்றாள் சத்தமாக. "நாகர்கோவிலுக்குத்தான் போவேன்."

பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத் தலைகள் எல்லாம் திரும்பின. ஒன்றாக. எல்லா வாயும் திறந்தது. ஒரே குரல். ஏட்டி கிரேசி.

படியில் தண்ணீர் வழிந்தது. உப்பு நாற்றம். கம்பியை இறுகப் பிடித்து ஏறினாள்.

"ஆஸ்பத்திரி ஒண்ணு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். திறந்த அவர் வாயிலிருந்து கடல் கொட்டிக்கொண்டிருந்தது. கிரேசி அதற்குள் கையை விட்டு டிக்கெட்டை வாங்கினாள்.