திருப்பித் தராத கை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. பாதி அக்கா சொன்னது, மீதி நான் பார்த்தது. இரண்டும் இப்போது கலந்துவிட்டன.

அன்று சாயங்காலம் பேருந்தில், மடியில் கிடந்த இடது கைமேல் ஜன்னல் வழியாக மழைத்துளிகள் விழுந்தன. அக்கா பார்த்தாள், கைக்கு ஈரம் தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மறதியாகத் தன் கையை அவள் மடியில் வைத்துவிட்டதுபோல இருந்தது. கூச்சத்தோடு நகர்ந்து உட்கார்ந்தாள். கையும் கூடவே வந்தது.

பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி தரும் இடத்தில் அவளுக்கு வேலை. நோயாளிக்குக் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டினால் உள்ளே ஒரு மேசை தெரியும். மேசைமேல் ஓர் இடது கை. வெளியே நிஜக் கையை மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை தூரிகையால் வருடும்போது, அதே கணத்தில் உள்ளேயும் ஒரு தூரிகை அந்தக் கையை வருடும். கொஞ்ச நேரத்தில் மூளை ஏமாந்து, பொய்க் கையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். கழற்றுமுன் தாளத்தைக் கலைக்க வேண்டும். உள்ளே ஒரு நேரம், வெளியே ஒரு நேரம். அப்போதுதான் மூளை சந்தேகப்பட்டுச் சொந்தக் கைக்குத் திரும்பும். கையைத் திருப்பித் தருவது என்பார்கள்.

அன்று கருவியைச் சரிபார்க்க அக்காவே மாட்டிக்கொண்டாள். கருவியைப் பார்த்துக்கொள்ளும் மெஷின்காரர் தூரிகை பிடித்தார். பாதியில் அக்கா வீட்டுக்காரர், மாமாவின் போன்: மகள் குட்டிக்குக் காய்ச்சல். அக்கா ஹெட்செட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"மேடம், கையைத் திருப்பி வாங்கிட்டுப் போங்க! அப்புறம் வாடகை கேப்பேன்."

"நாளைக்கு வாங்கிக்கறேன். பத்திரமா வைங்க."

வீட்டில் மாமா கதவைத் திறந்தார். "என்ன, கை ஐஸ் மாதிரி இருக்கு?"

"மழையில வந்தேன்ல."

"நல்லதாப் போச்சு. அவ நெத்தியில வை."

வைத்தாள். அறையில் காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனையும், காயாத துணியின் புழுக்க வாசனையும், குட்டியின் சூடான மூச்சும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வதுபோலத் தட்டிக்கொண்டிருந்தது. குட்டி முனகலை நிறுத்தித் தூங்கினாள். அக்காவும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

அப்போது இடது கையில் தூரிகை தொட்டது.

மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை. மறுபடி மணிக்கட்டிலிருந்து. மழை தெரியாத கையில் ஒவ்வொரு மயிரிழையும் தெரிந்தது. கண்ணைத் திறக்கப் பயந்து, வலது கையால் போனைத் தடவி எடுத்து, வாயால் சொல்லி மெஷின்காரருக்குப் போன் போட்டாள்.

"மெஷின்ல யாராவது இருக்காங்களா?"

"பூட்டிட்டுக் கிளம்பிட்டேன் மேடம். ஏன், கை தேடுதா?" சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "மேடம்... அணைக்கும்போது உள்ள மேசை மட்டும்தான் இருந்துச்சு. கையை நீங்கதான் அழிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

கண்ணைத் திறந்தாள்.

கை நெற்றியில் இல்லை. இறங்கியிருந்தது. குட்டியின் இடது கையை வருடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு. விரல்நுனி. தன்மேல் ஓடும் தூரிகையின் அதே தாளம். இம்மியும் பிசகவில்லை.

அது என்ன செய்யும் என்று அக்காவுக்குத் தெரியும். அதுதான் அவள் தொழில்.

கலைக்க வேண்டும். தாளத்தைக் கலைக்க வேண்டும். வலது கையால் குட்டியின் கையைத் தாறுமாறாகத் தேய்த்தாள். இடது கை நிற்கவில்லை. இழுத்தாள். வரவில்லை.

"என்னங்க!"

மாமா ஓடிவந்து பிரித்தெடுத்தார். குட்டி விழித்தாள். தன் தோளிலிருந்து நீண்டு பக்கத்தில் கிடந்த கையையே பார்த்தாள்.

"அம்மா, இது யாரோட கை?"

காய்ச்சல் மறுநாளே விட்டது. மெஷின்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். மையம் வேறு கருவியோடு நடக்கிறது. அக்கா என் வீட்டில் இருக்கிறாள். தூங்கப்போகுமுன் இடது கையைக் கட்டிலோடு கட்டச் சொல்வாள், கட்டுவேன். குட்டி மாமாவிடம் வளர்கிறாள். நன்றாகப் படிக்கிறாள், வரைகிறாள், எல்லாம் வலது கையால். இடது கை மேசைமேல் கிடக்கும், உள்ளங்கை கவிழ்ந்து, விரல்கள் லேசாக விரிந்து.

போன வாரம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. அந்தக் கையின் பூனைமுடிகள் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை மெல்லச் சாய்ந்தன. நிமிர்ந்தன. மறுபடி சாய்ந்தன.