ரெண்டு வெட்டு, ஒரு நீட்டு

ராத்திரி முழுக்க ஐஸில் கிடந்த மீனின் நெற்றியில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

வைத்திக்குப்பம் கரையில், தீவனத்துக்குப் போகிற கழிவு மீனைப் பிரிப்பதுதான் பாக்கியலட்சுமியின் வேலை. இப்படி ஒன்று அவள் கைக்கு வந்ததே இல்லை. தேங்காய் அளவு உடம்பு, அடுப்புக்கரி நிறம், செதில் கிடையாது, தொட்ட விரலைச் சதை வழவழவென்று உள்ளே வாங்கியது. உடம்பில் பாதி வாய்தான். பற்கள் ஊசி ஊசியாக உள்பக்கம் வளைந்திருந்தன, போனது திரும்பாதபடி. கடுகளவு கண். நெற்றியிலிருந்து நீண்ட குச்சியின் முனையில் நீலமாக ஒரு பொட்டு.

"ஆழத்துச் சாமான்," என்றார் அதைக் கொண்டுவந்த விசைப்படகின் டிரைவர் கிருஷ்ணசாமி. "வெயிலே எறங்காத கசத்துல கெடக்கும். வெளக்கக் காட்டிக் கூப்புடும். கிட்ட போனா வாய்க்குள்ளதான்."

வயிற்றோரம் சுண்டுவிரல் போல ஏதோ தொங்கியது. கத்தியால் நெம்பினாள். வரவில்லை.

"அது ஆம்பளை. ஒருதரம் கடிச்சுப் புடிச்சா வாயும் தோலும் ஒண்ணாயிடுமாம். கண்ணு கரைஞ்சிடும். பொம்பளை மீனு ரத்தத்துலயே உசுரோட தொங்கும்."

"ஊட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுண்ணே," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிந்துஜா.

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியத்தின் புருஷன் வெற்றிவேல் நாலு பேரோடு அந்தக் கசத்துப் பக்கம் போனவன்தான், படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நாளைக்குக் காரியம் பண்ணிவிடுவது என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

பொட்டு அணைந்து எரிந்தது, சட்சட்டென்று ரெண்டு தரம், பிறகு நீளமாக ஒரு தரம். ரெண்டு வெட்டு. ஒரு நீட்டு.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். இருட்டில் கரை திரும்பும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு டார்ச் கணக்கு உண்டு. கடலிலிருந்து புருஷன் அடிப்பான், கரையிலிருந்து பெண்டாட்டி அதையே திருப்பி அடிப்பாள், அந்த இடத்தைப் பார்த்து அவன் படகைத் திருப்புவான். இது வெற்றிவேலின் கணக்கு.

"அண்ணே, இது கணக்கா மின்னுது."

"சாவறப்ப துடிக்கும். தூக்கிப் போடும்மா."

பொழுது சாய்ந்தபோது மழை மூடி, குப்பத்தில் கரண்ட் போனது. பாக்கியம் டார்ச்சை எடுத்துக்கொண்டு கடலோரக் கருங்கல் மேல் ஏறி நின்றாள். காற்று இல்லை. அலையும் இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த சேற்று வாடை, கடல் முழுக்க அதுதான் வீசியது.

தூரத்தில் ஒரு நீலப் பொட்டு.

ரெண்டு வெட்டு. ஒரு நீட்டு.

அவள் திருப்பி அடித்தாள். கணக்குப் பிசகியது. மறுபடி அடித்தாள்.

பொட்டு அவள் பக்கம் திரும்பியது.

"இங்கய்யா. இங்கதான் நிக்கறேன். வந்துடுய்யா."

எஞ்சின் சத்தம் இல்லை. துடுப்புச் சத்தம் இல்லை. கல்லடியில் தண்ணீர் மட்டும் பின்வாங்கியது. வெளிச்சம் மேலே ஏறியது. பனை உயரம். அதன் பின்னால் இருட்டு திறந்தது.

டார்ச்சை நீட்டினாள்.

கறுப்புத் தோல். செதில் இல்லை. அடிவயிற்றில் வரிசையாக ஐந்து பேர். காதுவரை முகம் அதற்குள் போயிருந்தது. கால்கள் சூம்பியிருந்தன. முதுகுகள் மெல்ல ஏறி இறங்கின.

கடைசி ஆளின் ஒரு கை மட்டும் ஒட்டாமல் தொங்கியது. முன்கையில் பச்சை குத்திய எழுத்து. அவள் பெயர்.

அந்தக் கை மடங்கியது. இன்னொரு தரம் மடங்கியது.

பிறகு அவள் பக்கம் நீண்டது.