இரண்டாவது சிப்

மழை விட்ட மத்தியானம். அக்கா வீட்டு வாசலில் சின்னவள் வந்து இறங்கியபோது தோளில் ஒரு பை. பைக்குள் சால்டரிங் அயர்ன், நாலைந்து சிப்புகள். ரேடியோ ரிப்பேர்தான் அவள் பிழைப்பு. அத்தான் இறந்த பிறகு அவருடைய கீபோர்டும் ஊமையாகிவிட்டது. அவர் மகள் சிட்டு அதன் பக்கமே போவதில்லை.

"அவ மறுபடி வாசிச்சாப் போதும்டி. பேச்சே குறைஞ்சுபோச்சு," என்றாள் அக்கா.

கூடத்தில் ஈரச் சுவரின் வாடை. கீபோர்டில் ஒலிப் பகுதிதான் செத்திருந்தது. எந்தக் கட்டை அழுத்தப்படுகிறது என்பதை மிடி என்ற இணைப்புக் கம்பி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சேதியை வாங்க ஒரு சிப், புரிந்துகொள்ள ஒன்று, ஒலியாக்க ஒன்று. எல்லாம் ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்கின.

"இதுவா பாடப்போகுது?"

"உன் சமையலைவிட நல்லாவே வரும், பாரேன்."

ஒரு சமயத்தில் ஒரு சுரம்தான் வரும். கடைசியாக அழுத்திய கட்டைக்கே குரல், முந்தையது அறுந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு இது போதும் என்று அவள் நினைத்ததுதான் தப்பு.

சிட்டு மெத்தை வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையால் மெல்ல வாசித்தாள். சட்டென்று ஒரு சுரம் பாதியில் அறுந்தது. அதன் மேல் ஏறி, தாழ்ந்த சுரம் ஒன்று ஒலித்தது.

தாழ்ந்த கட்டைகள் இருக்கும் இடது பக்கம் கையே இல்லை.

சின்னவள் மிடி கம்பியைப் பிடுங்கினாள்.

தாழ்ந்த சுரம் நிற்கவில்லை.

"அப்பா இடது கை வாசிக்கிறாரு, சித்தி," என்றாள் சிட்டு. "என்னை வாசிக்கவே விட மாட்டேங்குறாரு."

சின்னவள் பவர் வயரில் கை வைத்தாள். அக்கா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதடி," என்று கிசுகிசுத்தாள். "ரெண்டு பேருக்கும் இடம் இருக்கிற மாதிரி ஏதாவது பண்ணு."

பையில் இன்னொரு ஒலிச் சிப் இருந்தது. அதையும் பற்றவைத்து, கம்பியைத் திரும்பச் செருகினாள்.

இப்போது இரண்டு குரல். சிட்டு வாசிக்க, தாழ்ந்த சுரங்கள் அவளுக்கு வழிவிட்டுக் கூடவே நடந்தன. பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

தண்ணீர் கொதிக்கும் முன்பே கூடத்தில் இசை வேகம் பிடித்தது.

பிறகு இன்னும் வேகம்.

அத்தனை சின்ன விரலுக்கு அவ்வளவு வேகம் எப்படி வரும்?

சின்னவள் ஓடிவந்து பார்த்தாள். சிட்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு குரலும் பாடிக்கொண்டிருந்தன.

"என் பங்கையும் அப்பாவே எடுத்துக்கிட்டாரு. தள்ளி உட்காருங்கப்பான்னேன். கேக்கலை."

ஸ்டூல் மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

சின்னவள் பாய்ந்து பவர் வயரைப் பிடுங்கினாள். சத்தம் அற்றுப்போனது.

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

எழுந்து நிற்கும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதுபோல், சிட்டு தலையை அண்ணாந்தாள்.