தானே திருந்திய கடிகாரம்

லொரைன் காங்கஸ் ஆர்வோ லாஹ்டியின் சமையலறைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு வாளி இருந்தது. வாளி நிறையச் சிவப்பு ரோஜா. வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி. ஆல்டர் வளைகுடாவில் ஜனவரி மாதத்தில் ரோஜா வருகிறதென்றால், ஒன்று யாரோ செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ தப்பு செய்திருக்க வேண்டும்.

மேசையருகே வெர்னா மாக்கி உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இல்லாத காலைகள் குறைவு. ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்தபடி, ஊரில் யாருடைய பித்தப்பை எடுக்கப்பட்டது, யாருடைய மருமகள் பெட்டியைக் கட்டினாள் என்பதையெல்லாம் ஆர்வோவுக்கு ஒப்பிப்பது அவளுடைய அன்றாடக் கடமை. ஆர்வோ முன்பு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளைத் துப்பறிந்தவர். வீடு முழுக்க எரிந்து போன பிறகு போய் நின்று, முதல் பொறி எங்கே விழுந்தது என்று சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற பின்னும் ஊரில் பூனை காணாமல் போனால்கூட அவரிடம்தான் வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்கு முந்திக்கொண்டு நாற்காலி இழுத்துப் போடுகிறவள் வெர்னா.

இன்றும் இழுத்தாள். லொரைன் உட்காரவில்லை.

"முதல்ல இவள வெளிய போகச் சொல்லு ஆர்வோ."

"ஏன், நான் என்ன பண்ணேன்?" என்றாள் வெர்னா.

"நீ என்ன பண்ணல? இந்தப் பூ யார் வீட்டு விலாசத்துக்கு வந்துச்சு? உன் வீட்டுக்கு. அட்டையில யார் பேரு? டெஸ்ஸா பேரு. அந்தப் பொண்ணு இங்க இருக்கான்னு அவனுக்கு ஊதினது யாருன்னு வேற கேக்கணுமா?"

வெர்னாவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு காப்பிக்குள் விழுந்தது.

டெஸ்ஸா இலையுதிர் காலத்தில் அரிசோனாவிலிருந்து வந்தவள். ஊருக்குச் சொன்ன கதை, லொரைனின் ஒன்றுவிட்ட அக்கா மகள் என்று. உண்மையில் உறவே இல்லை. எப்போதோ ஒரு கோடையில் இருவரும் ஒரே விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள். டெஸ்ஸாவின் கணவன் பிரென்ட் லொரைனின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் அவள் இங்கே வந்தாள். ஒருமுறை அவன் அவள் மணிக்கட்டை ஒடித்திருந்தான். அதைக் கதவில் மாட்டிக்கொண்டதாக அவளையே சொல்ல வைத்தும் இருந்தான்.

நேற்றுவரை இந்த உண்மை ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: லொரைனுக்கு, அவள் தம்பி டெனிஸுக்கு, டெனிஸுக்கு இறைச்சியும் கிழங்கும் பொதிந்த பேஸ்டி இரண்டு சுட்டுக் கொடுத்து அதை வாங்கிவிட்ட வெர்னாவுக்கு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கொதிக்கும் உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டிருப்பவள் போல வெர்னா தவித்தாளே தவிர, இந்த ஒன்றை மட்டும் அவள் துப்பவில்லை. அதை யார் நம்புவார்கள்?

"ஷெரிஃப் என்ன சொன்னார்?" என்று, லொரைன் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஆர்வோ கேட்டார்.

"பூ அனுப்புறது குத்தமில்லயாம். அட்டையில மிரட்டல் எதுவும் இல்லயாம்." லொரைன் அட்டையை மேசையில் போட்டாள். *பனி பிடித்திருக்கிறதா? – பி.* "அவ ராத்திரியெல்லாம் தூங்கல. யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆள ஒதுக்கிட்டு இங்கயே இருந்துடலாம்னு பாக்குறா. தெரியலன்னா கிளம்பிடுவா. எங்க போவா?"

ஆர்வோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெர்னா வரட்டும். வீட்டப் பாத்துட்டுப் பேசலாம்."

"திருடியவே துணைக்குக் கூட்டிட்டு வர்றியா?"

"கண்ணு முன்னாடி இருந்தா உனக்கும் நிம்மதிதானே," என்றார் அவர், கோட்டை மாட்டியபடி.

லொரைனின் வீடு வெர்னாவின் வீட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. நடுவில் ஒரு வேலி. வேலியையும் பனி மூடிவிட்டதால் இப்போது அதுவும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் பனி தள்ளும் வண்டியை எடுத்தால் பக்கத்து வாசல் பனியையும் தள்ளிவிட்டுத்தான் நிறுத்துவார். கேட்டுச் செய்வதுமில்லை, நன்றி எதிர்பார்ப்பதுமில்லை. லொரைன் வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. டெஸ்ஸா வந்த அன்றே வெர்னா தன் வைஃபை கடவுச்சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த உபகாரத்தில், வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி அங்கே போய் வரலாம் என்ற ஆதாயமும் இருந்தது என்பது வேறு விஷயம்.

சமையலறை மேசையில் டெஸ்ஸாவின் லேப்டாப் திறந்திருந்தது. அவள் அதன் முன்னால் எழுந்து போகத் தயாரானவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் டெனிஸ், தொப்பியைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து நின்றான்.

"நான் சொல்லலம்மா," என்று வெர்னா வாசலிலேயே ஆரம்பித்தாள். "என் புருஷன் கல்லறை மேல சத்தியம்."

"உன் புருஷன் கல்லறைக்குப் போனதே நீ பேசிப் பேசித்தான்," என்றான் டெனிஸ்.

"நீ பேசாத. பேஸ்டிக்குச் சொன்னவன் பீருக்குச் சொல்லியிருக்க மாட்டியா?"

டெனிஸ் முகம் சிவந்தது. மதுக்கடையில் அவன் நாக்கு எவ்வளவு நீளும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆர்வோ இருவரையும் கவனிக்காதவர்போலக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துப் பேஸ்டி விற்பனை அறிவிப்பு. ருடபேகா கிழங்கு சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு.

"அழகா இருக்கே. எங்க அடிச்சது?"

"இங்கதான்," என்றாள் வெர்னா, பேச்சு மாறியதில் மகிழ்ந்து. "என் பிரின்டர்ல மை தீர்ந்து போச்சு. போன வாரம் டெஸ்ஸா வேலைக்குப் போயிருந்தா, லொரைன்தான் அவ லேப்டாப்பத் திறந்து குடுத்தா. அந்தப் பெட்டி முதல்ல வழியே விடல. அப்டேட் ஆகிப் புதுசாயிட்டேன், புதுசாயிட்டேன்னு பெருமை அடிச்சிட்டு அப்புறமாத்தான் அடிச்சுக் குடுத்துச்சு."

"ம்." ஆர்வோ தன் மணிக்கட்டைப் பார்த்தார், கடிகாரம் கட்டியிருக்கவில்லை. "மணி என்னம்மா டெஸ்ஸா?"

டெஸ்ஸா லேப்டாப் திரையின் மூலையை ஓரக்கண்ணால் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. "ஒன்றரை."

"ஒன்றரையா?" வெர்னா சிரித்துவிட்டாள். "இன்னும் மதிய சங்கே ஊதலியே. பாவம், தூக்கமில்லாம பொண்ணுக்கு நேரமே குழம்பிப் போச்சு."

தெருவில் தபால் வண்டி மெல்ல ஊர்ந்து போயிற்று. பதினொன்றரைக்கு வரும் வண்டி. ஆர்வோ சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் உக்காருங்க. நான் எரிஞ்ச வீட்டுக்குப் போனா, யாரு கொளுத்தினாங்கன்னு முதல்ல கேக்க மாட்டேன். எங்க பிடிச்சுதுன்னுதான் பாப்பேன். இந்தப் பூ எங்க வந்துச்சு?"

"இவ வீட்டுக்கு," என்றாள் லொரைன்.

"ஏன்? டெஸ்ஸா இருக்கிறது இங்க. வெர்னா சொல்லியிருந்தா உன் வீட்டு எண்ணச் சொல்லியிருப்பா. காட்டிக் குடுக்கிறவ யாராவது தன் விலாசத்தக் குடுப்பாளா? டெனிஸ் சொல்லியிருந்தாலும் அதேதான். இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவனே அவன். எண் தெரியாதா? ஆக, அனுப்பினவனுக்கு எந்த மனுஷனும் சொல்லல. சொல்லியிருந்தா சரியா சொல்லியிருப்பாங்க. அவன்கிட்ட இருந்தது வெறும் புள்ளி. வரைபடத்துல ஒரு புள்ளி. அது வெர்னா வீட்டு மேல உக்காந்திருந்துச்சு."

வெர்னாவுக்கு நிமிர்ந்து உட்கார வேண்டும்போல இருந்தது, உட்கார்ந்தாள்.

"டெஸ்ஸா, நீ எப்பவும் இந்தப் பெட்டில மணி பாத்தா என்ன செய்வ?"

"ரெண்டு மணி நேரம் கூட்டிக்குவேன். அது அரிசோனா நேரம்தான் காட்டும். நான் கிளம்பின அன்னைக்கே, இருப்பிடத்தச் சொல்ற சுவிட்ச அணைச்சுட்டேன். ரெண்டு தடவை சரிபாத்தேன். அதனால நாம எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது. மணிய நானும் மாத்தல. அது தப்பாக் காட்டுறதப் பாத்தா எனக்கு ஒரு நிம்மதி." அவள் குரல் இறங்கியது. "ஒரு வாரமா இதுல மணி பாக்கல. இப்பவும் கூட்டித்தான் சொன்னேன்."

"கூட்டினதாலதான் ஒன்றரை வந்துச்சு. இப்ப மணி பதினொன்றரை. பெட்டியும் பதினொன்றரைன்னுதான் காட்டுது."

டெஸ்ஸா திரும்பித் திரையைப் பார்த்தாள். தன் படுக்கையில் அந்நியன் படுத்திருப்பதைக் கண்டவள்போலப் பார்த்தாள்.

"நான் நேத்தே பாத்தேனே," என்றாள் லொரைன். "டெஸ்ஸாதான் சரி பண்ணிட்டான்னு நினைச்சேன்."

"யாரும் சரி பண்ணல. அது எங்க இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு, அதனால தானே திருந்திக்கிச்சு. பக்கத்துல எந்த வைஃபைன்னு பாத்துத்தான் அது இடத்தக் கண்டுபிடிக்கும். இங்க இருக்கிறது வெர்னாவோடது. டெஸ்ஸா, இந்தப் பெட்டி முதல்ல யார் பேர்ல பதிஞ்சது?"

"பிரென்ட். கல்யாண நாளுக்கு வாங்கித் தந்தான். எனக்குன்னு தனியா ஒரு கணக்கு வெச்சிருக்கேன். ஆனா பெட்டிக்கு எஜமான் அவன்தான்." அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "தொலைஞ்ச பெட்டியத் தேடுற பக்கம் ஒண்ணு இருக்கு. அவன் தினமும் திறந்து பாத்திருப்பான். தினமும்."

அவள் லேப்டாப்பின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சுவிட்ச் எரிந்துகொண்டிருந்தது.

"நான் அணைச்சேனே. நீங்க நம்புங்க, நான் அணைச்சேன்."

"நம்புறேன்," என்றார் ஆர்வோ. பிறகு மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவி நேராக்கினார். இதற்கு மேல் சொல்ல அவருக்கு மனமில்லை என்பது வெர்னாவுக்குத் தெரிந்தது. அவளுக்கு அவரை அவ்வளவு நன்றாகத் தெரியும். அவர் கண் குளிர்பெட்டிக் கதவிலிருந்த அறிவிப்புக்குப் போவதையும் பார்த்தாள்.

"வெர்னா, அந்தப் பெட்டி வழிவிடலன்னு சொன்னியே. அப்ப திரையில என்ன இருந்துச்சு?"

"நீலமா… முழுத் திரையும் நீலம்." என்றாள் அவள். "புதுசாயிட்டேன், இன்னும் கொஞ்சம் அமைப்பு பாக்கி இருக்குன்னு. கீழ பெருசா ஒரு பட்டன், 'பரிந்துரைத்தபடி தொடர்க'ன்னு. பாஸ்டர் அறிவிப்புக்குக் காத்துட்டிருந்தார் ஆர்வோ. நான் அத அமுக்கினேன். போயிடுச்சு."

"வேற பட்டன் இருந்துச்சா?"

"சின்னதா, வெளிறிப்போய் ஒண்ணு. 'மூன்று நாள் கழித்து நினைவூட்டு'ன்னு."

"வேண்டாம்னு?"

வெர்னா யோசித்தாள். வாழ்நாளில் முதன்முறையாகச் சொல்லுமுன் யோசித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"வேண்டாம்னு ஒரு பட்டனே இல்ல."

அந்தப் பெரிய பட்டன் அணைத்திருந்த சுவிட்சையும் சேர்த்து எரிய வைத்திருக்கிறது. அறுபது வருடமாக ஊர் அவள் வாயைப் பழித்தது. கடைசியில் பார்த்தால் வாய் சுத்தம், விரல்தான் சொல்லிவிட்டிருக்கிறது. லொரைன் அவளைத் திட்ட வாயெடுத்தவள், திரும்பித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். திரையைத் திறந்து கொடுத்தது அவள்தானே.

டெனிஸ் மட்டும் கொதித்தான். "அந்தக் கம்பெனிக்குப் போன் போடு. நாலு வார்த்தை கேக்கலாம்."

போட்டார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் நெடுநேரம் இசையோடு சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்த பெண் மிகவும் இனிமையாகப் பேசினாள். பழைய இருப்பிடப் பதிவை அழிக்க முடியும், தாராளமாக. கோரிக்கை மட்டும் சாதனத்தின் உரிமையாளரிடமிருந்து வர வேண்டும். உரிமையாளர் திரு. பிரென்ட் பக்கத்தில் இருக்கிறாரா?

டெஸ்ஸா போனை வைத்தாள்.

"இப்ப அணைச்சா?" என்று லொரைன் ஆர்வோவைக் கேட்டாள்.

"அணைக்கலாம். அவன் பாத்தத அணைக்க முடியாது. அடுத்த தடவை அது புதுசாகும்போது மறுபடியும் வந்து கேக்கும். சரின்னு சொல்ற வரைக்கும் கேக்கும்."

"பிரென்டும் அப்படித்தான்," என்றாள் டெஸ்ஸா. "கோபப்பட மாட்டான். சரி, அப்புறம் கேக்குறேன்னுதான் சொல்லுவான்."

அவள் சாமான் அதிகம் சேர்த்திருக்கவில்லை. லொரைன் ஊற்றி வைத்த சூப் ஆறுவதற்குள் பையைக் கட்டிவிட்டாள். லேப்டாப்பைத் தொடவில்லை.

"அத எனக்குக் குடு," என்றாள் வெர்னா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் வீட்ல வெச்சுக்கிறேன். திறந்தே வெச்சிருக்கேன், அந்தச் சுவிட்ச அணைக்காம. புள்ளி என் வீட்டு மேலயே உக்காந்திருக்கட்டும். அவன் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

"அவன் நேர்ல வந்தா?" என்றான் டெனிஸ்.

"வரட்டும். என்கிட்ட மாட்டினவன் எவன் சீக்கிரம் கிளம்பியிருக்கான்?"

சிரிக்க முயன்றது அவள் மட்டும்தான். டெஸ்ஸா அவளைக் கட்டிக்கொண்டாள். மன்னிப்பா, விடைபெறுதலா என்று வெர்னாவுக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. டெனிஸ் வண்டியைக் கிளப்பியபோது வெர்னா சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சந்தின் முனையில் வண்டி இடப்பக்கம் திரும்பினால் பாலம், வலப்பக்கம் திரும்பினால் விஸ்கான்சின். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளக் கூடாதென்று, சத்தம் தேயும்வரை அவள் திரும்பவில்லை. பின்னால் ஆர்வோவின் கை அவள் தோளில் ஒரு கணம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பேஸ்டி நன்றாக விற்றது. அந்த ரோஜா வெர்னா வீட்டில் இறங்கியதைப் பாதி ஊர் பார்த்திருந்தது. லொரைனின் உறவுக்காரப் பெண் கண்ணில் படாததற்குக் காரணம் வெர்னாவின் வாய்தான் என்று காப்பி மேசையில் முடிவாகிவிட்டது. அவள் அருகே போனதும் பேச்சு நின்றது. ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அவள் நேராக்கியிருக்கலாம். நேராக்கினால் அது மாலைக்குள் வளைகுடாவைத் தாண்டிவிடும். எப்படித் தாண்டும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"பொண்ணுக்குச் சளி," என்று மட்டும் சொன்னாள். "என் வீட்லதான் படுத்திருக்கா."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் மேசைமேல் லேப்டாப் விழித்துக்கொண்டது. முழுத் திரையும் நீலம். புதிதாகிவிட்டதாம். வெர்னா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இந்த முறை எல்லா வரிகளையும், பொடி எழுத்து உட்பட, படித்தாள். வேண்டாம் என்ற பட்டனை மறுபடி ஒருமுறை தேடினாள். பிறகு பெரிய பட்டனை அமுக்கினாள்.

திரை நன்றி சொன்னது. மூலையில் மணி சரியாக இருந்தது. வெர்னா எழுந்து வாசல் கதவைத் தாழிட்டாள். அந்தச் சந்தில் அதுவரை எவரும் பகலில் செய்யாத காரியம் அது.