நாற்பது பச்சை நாட்கள்

காலை ஆறரைக்கு நலச்செவி வழக்கம்போலக் கேட்டது: "வணக்கம் யாழினி. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லை" என்றேன். சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. அடுப்படியில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் கணவர் அமுதன், தன் முறை வந்ததும் "ஏதோ இருக்கேன்" என்றார். அவருக்குச் சிவப்பு.

"கொஞ்சம் நல்லபடியாச் சொன்னா என்னவாம்?"

"சொன்னா கண்ணு பட்டுடும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விளக்கின் விலை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் திருநெல்வேலி மண்டல நலநிதி அலுவலகத்தில் மதிப்பீட்டாளர். வீட்டுக்கு வீடு இருக்கும் நலச்செவி, சொல்லையும் குரலையும் சேர்த்து எடைபோட்டு, நாளுக்கு ஒரு வாழ்தர எண் கொடுக்கிறது. பெரிய நோய் வந்தால், நோய் தெரிவதற்கு முந்தைய பத்து வருடங்களின் சராசரியை எடுப்போம். சிகிச்சையால் கிடைக்கும் ஆண்டுகளை அந்தச் சராசரியால் பெருக்கினால் வருவது நல்லாண்டு. ஒரு நல்லாண்டுக்கு மூன்று லட்சம் வரை அரசு கொடுக்கும். அதைத் தாண்டினால் கோப்பு மூடப்படும்.

கொடுமை என்பீர்கள். இதற்கு முன்பு இருந்தது என்ன? நிலம் இருந்தவன் விற்றுப் பிழைத்தான், ஆளைத் தெரிந்தவன் சொல்லிப் பிழைத்தான், மற்றவன் வரிசையிலேயே செத்தான். இன்று அமைச்சருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒரே கோடு. நான்கு வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளை மூடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனத்தது. ஆனால் கை நடுங்கியதில்லை.

அன்று பதினொரு மணிக்கு இசக்கிமுத்துவின் மேல்முறையீடு. லிஃப்ட் மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது. இதயத்தசையை மறுபடி வளர்க்கும் சிகிச்சை கிடைத்தால் பன்னிரண்டு வருடம் இருப்பார். கிடைக்காவிட்டால் மூன்று மாதம். செலவு பத்தொன்பது லட்சம். அவருடைய வாழ்தரம் வெறும் பூச்சியம் புள்ளி மூன்று எட்டு; அதனால் ஒரு நல்லாண்டின் விலை நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்து வருடமாகக் காலையில் "ஏதோ ஓடுது" என்றே சொல்லியிருக்கிறார்.

நாற்காலியில் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி பேச்சியம்மா, கையில் நாங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தோடு. சுவர்க் கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. பூச்சியத்தைத் தொட்டால் கோப்பு தானே மூடிக்கொள்ளும். இன்னொரு மேல்முறையீடு கிடையாது.

"மேடம், நான் நல்லா இருக்கேன். ரொம்ப சந்தோசமா இருக்கேன்" என்றார் இசக்கிமுத்து, ஒப்பிக்கிற குரலில்.

"நோய் தெரிஞ்ச பிறகு சொல்றது கணக்குல சேராது, ஐயா."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எழப்போனார். பேச்சியம்மா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கடிதத்தின் பின்பக்கத்தை என் மேசையில் விரித்தார். பத்து வருட வாழ்தர வரைபடம். தரையோடு ஊர்ந்த கோடு, ஓரிடத்தில் மட்டும் உச்சிக்குப் போய் நாற்பது நாள் அங்கேயே நின்றது.

"இது என்னதுன்னு தெரியுமா, மேடம்?"

தெரியும். மறுப்புக் குறிப்பில் என் கையாலேயே எழுதியிருந்தேன்: 'மகிழ்ச்சியான காலம். இவரால் உயர்ந்த பதில் சொல்ல முடியும் என்பதற்குச் சான்று.'

"எம்மவ இனியா செத்த மாசம்" என்றார் பேச்சியம்மா.

"ஏய், அத எதுக்கு இப்ப எடுக்க?" இசக்கிமுத்துவின் குரல் உடைந்தது.

"நீங்க சும்மா இருங்க. மேடம், அவ போன மறுநாள் இவுக என்ன சொன்னாவன்னு போட்டுக் கேளுங்க."

ஏழு நிமிடம் இருந்தது. பதிவை ஓடவிட்டேன். செவி கேட்டது, எப்படி இருக்கீங்க என்று. "நல்லா இருக்கேன்! எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்!" உரத்த, உறுதியான குரல். அதன் பின்னால் எங்கோ ஒரு பெண் விசும்புவது மெல்லக் கேட்டது. செவி பச்சை விளக்குப் போட்டிருந்தது. அடுத்த நாளும் பச்சை. நாற்பது நாளும் பச்சை.

"இவ உள்ள சுருண்டு கெடந்தா" என்றார் இசக்கிமுத்து, தரையைப் பார்த்தபடி. "நானும் ஒடஞ்சா இவ எந்திரிக்கவே மாட்டா. இவ காதுல விழணும்னு சத்தமாச் சொன்னேன். வேற என்ன செய்ய?"

விதிகளில் அளவுகோல் திருத்தம் என்று ஒன்று உண்டு. ஒருவரின் பதில்கள் அவர் மனநிலைக்கு நேர்மாறாக இருந்தன என்று பதிவுகளே காட்டினால், அவருடைய எண்களைத் திருப்பிப் போடலாம். நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை.

"துக்க நாள் மட்டும் போதாது, அம்மா. சந்தோஷமான நாள் ஒண்ணும் வேணும். ஒரே ஒரு நாளைத்தான் கேட்க முடியும். யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு நிமிடம். பேச்சியம்மா புடவை முந்தானையைக் கசக்கினார். "அஞ்சு வருசத்துக்கு முந்தி, தை எட்டாந் தேதி. சொந்த வீட்டுக்குக் குடிபோனோம்."

"அன்னைக்கு என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல" என்றார்.

அன்று மட்டும் அந்த மனிதர் வாய் நிறைய 'நல்லா இருக்கேன்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் போச்சு. நாற்பது நொடி இருக்கையில் பதிவைத் தொட்டேன். பால் பொங்கும் ஓசை, யாரோ கூப்பிடும் ஓசை, செவியின் கேள்வி. பிறகு தயங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல்: "ஏதோ... ஓடுது."

திருத்தப் பொத்தானை அழுத்தினேன். எட்டு நொடி மிச்சம். எண் பூச்சியம் புள்ளி ஆறு இரண்டு ஆயிற்று. செலவு இப்போது மூன்று லட்சக் கோட்டைத் தாண்டவில்லை. சிகிச்சைக்கு அனுமதி.

பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இப்ப எப்படி இருக்கீங்க, ஐயா?" என்று கேட்டேன். "ஏதோ இருக்கேன், மேடம்" என்றார் அவர், முகமெல்லாம் மலர.

அவர்கள் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் வரவழைத்து, தரையோடு ஊர்ந்து திடீரென உச்சியில் நிற்கும் கோடுகளைக் கணினியைத் தேடச் சொன்னேன். அந்தத் தேதிகளை இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடவும் சொன்னேன். சாயங்காலம் பட்டியல் வந்தது. முப்பத்தொரு பேர். கணவனையோ, தாயையோ, பிள்ளையையோ பறிகொடுத்த நாட்களில் பச்சை வாங்கியவர்கள். சிலரின் குறிப்பில் அதே வரி, என் கையெழுத்தில்: 'மகிழ்ச்சியான காலம்.' இருபத்தேழு பேர் இப்போது உயிரோடு இல்லை. மிஞ்சிய நால்வரின் கோப்புகளை மட்டும் மறுபடி திறந்து மேலிடத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஆறரைக்கு நலச்செவி கேட்டது: "வணக்கம் யாழினி. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

இரவு முழுக்கத் தூங்காத என் கண்களைப் பார்த்துவிட்டு, அமுதன் அடுப்படியிலிருந்து கவலையோடு எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கேன்" என்றேன், அவருக்குக் கேட்கும்படி உரக்க. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.