வெள்ளை முயலில் நான்காவது ரவுண்டு

கதவைத் திறந்தபோது உள்ளே பேச்சு நிற்கவில்லை. டெனிஸுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பப் எனப்படும் இந்தப் பக்கத்து மதுவிடுதிகளில் வெளியாள் நுழைந்தால் ஒரு நொடியாவது பேச்சு அடங்கும், நாலு தலையாவது திரும்பும், கணப்பருகே படுத்திருக்கும் நாய்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். இங்கே ஒருவரும் திரும்பவில்லை. பத்துப் பன்னிரண்டு மேசைகளில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து, சிரித்து, தலையாட்டி, விறகு வெடிக்கும் சத்தத்துக்கும் மேலே ஒரே சீராகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"யாரும் நம்மள முறைக்கலையே, அதுவே பெரிய விஷயம்," என்றார் கிளைவ். "நல்ல இடமாத்தான் புடிச்சிருக்க, தலைவி."

டெனிஸைத் தலைவி என்பது கிண்டல். வியாழக்கிழமை நடைக் குழுவில் மிச்சமிருப்பதே நாலு பேர்: டெனிஸ், கிளைவ், பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற மால்கம், டெனிஸின் தோழி ராஸ். வாராவாரம் கால்வாய்க் கரையில் ஐந்தாறு மைல் நடப்பார்கள், முடித்ததும் ஒரு பப்பில் உட்காருவார்கள். நடை ஒரு சாக்கு, உட்காருவதுதான் காரியம். வழக்கமான பப்பை செப்டம்பரில் மூடிவிட்டார்கள். புது இடம் பார்க்கும் வேலை டெனிஸ் தலையில் விழுந்தது. முதலில் பார்த்த இடத்தில் பெரிய டிவியும் இரைச்சலும். அடுத்ததில் சாப்பிடாதவர்களுக்கு மேசை கிடையாதாம். இன்னொன்றில் மால்கமுக்குப் பிடித்த பியர் இல்லை. குளிர்காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கலாமே என்று போன வாரம் கிளைவ் சொல்ல, மற்ற இருவரும் தங்களுக்கு எப்படியானாலும் சரி என்றார்கள். இந்த ஊரில் நல்ல காரியங்களெல்லாம் இப்படித்தான், ஒருவர் மனமும் நோகாமல், செத்துப்போகும்.

டெனிஸின் கணவர் இறந்து இரண்டு வருடம். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவள் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். வியாழனும் போய்விட்டால் தனக்கு வேறொன்றும் மிஞ்சாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே மதகைத் தாண்டியதும், மரங்களுக்கு நடுவே மஞ்சள் விளக்கும் 'வெள்ளை முயல்' என்ற பலகையும் தெரிந்தபோது, இதுதான் என்று வாசலிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

மணி நாலுகூட ஆகவில்லை. கணப்புக்குப் பக்கத்திலேயே நாலு நாற்காலி போட்ட மேசை காலியாக இருந்தது. ஈரக் கம்பளம், சிந்திய பியர், விறகுப் புகை என எல்லாப் பப்புக்கும் உரிய வாசனைதான். ஆனால் அதற்கு அடியில், பல வருடம் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் வருகிற பழைய ஈரமும் இருந்தது. நெருப்பு உயரமாக எரிந்தும் முழங்காலில் சூடு ஏறவில்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். நடந்து வந்த குளிர் இன்னும் விடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் ரவுண்டு கிளைவுடையது. நாலு பேர் என்றால் நாலு ரவுண்டு, முறை வைத்து ஒவ்வொருவராகப் போய் எல்லோருக்கும் வாங்கி வர வேண்டும். தன் ரவுண்டை வாங்காமல் எழுந்து போகிறவரை இவர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். கவுண்டர் ஒரு வளைவு வாசலுக்குப் பின்னால் இருட்டில் இருந்தது, மேசையிலிருந்து தெரியாது.

கிளைவ் தட்டோடு திரும்பி வந்தார். எப்போதும் கை நடுங்கி அரை கிளாஸைத் தட்டிலேயே கொட்டுகிறவர், இன்று ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உட்கார்ந்தார், சிரித்தார். பியர் எப்படி என்று டெனிஸ் கேட்டாள். அவர் உதடு அசைந்தது, குரலும் வந்தது. இரைச்சலில் தனக்குத்தான் சொற்கள் காதில் விழவில்லை என்று நினைத்தாள்.

இரண்டாவது ரவுண்டுக்கு மால்கம் போய் வந்தார். அவரும் கிளைவும் தலையை நெருக்கி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். கேள்வியின் ஏற்றம், பதிலின் இறக்கம், நடுவில் ஒரு சிரிப்பு. ஆனால் சொல் இல்லை. டெனிஸ் குனிந்து கூர்ந்து கேட்டாள். ஒரு சொல்கூட இல்லை. பக்கத்து மேசையைக் கேட்டாள். அங்கும் அதே ஏற்றம், அதே இறக்கம். அதற்கடுத்த மேசை. அதற்கும் அடுத்தது. மொத்தப் பப்பிலும் ஒருவரும் எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ராஸின் கையைப் பிடித்தாள். "ராஸ், இவங்க பேசறது உனக்குப் புரியுதா?"

"கிளைவ் பேசறது என்னைக்குப் புரிஞ்சிருக்கு?" ராஸ் எழுந்துவிட்டாள். "என் முறை. உனக்கு அதே ஆப்பிள் சைடர்தானே?"

"வேணாம், போகாத. கிளம்பிடலாம்."

"வாங்கிக் குடுக்காமயா? அப்புறம் மால்கம் வருஷம் பூரா சொல்லிக் காட்டுவான். நீதானடி இந்த இடம் வேணும்னு நின்ன?"

அப்போதே டெனிஸ் கத்தியிருக்கலாம். இந்த இடம் சரியில்லை, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வியாழன் அத்தோடு முடிந்தது. ஒரு கணம் அவள் அதைத்தான் நினைத்தாள். நினைத்துக் கையை விட்டாள்.

ராஸ் திரும்பி வந்தாள். தட்டை வைத்தாள். உட்கார்ந்தாள். அவள் தொண்டையிலிருந்தும் அதே சத்தம் வந்தது, இதமாக.

மூவரும் ஒரே நேரத்தில் குடித்து முடித்தார்கள். ஒரே நேரத்தில் கிளாஸை வைத்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். மரியாதையாக. காத்திருந்தார்கள்.

வாசல் ஐந்தடி தூரம்தான். திறந்தால் இருட்டு, கால்வாய்க் கரை, வீடு, ரேடியோ. எழுந்தாள். ஓடத்தான் எழுந்தாள். கால் வளைவுப் பக்கம் திரும்பியது.

கவுண்டரில் ஆள் இல்லை. பின்னால் ஒரு நீள நடைவழி, அதில் ஒரு வரிசை. ஒருவர் பின் ஒருவராக, முதுகு காட்டி நின்றார்கள். எல்லோர் கையிலும் காலித் தட்டு. வரிசையின் முன்பக்கம், இந்தக் காலத்தில் யாரும் அணியாத தொப்பிகள், பழைய நீளக் கோட்டுகள், இருட்டு முடிகிற இடம் வரை. கடைசி மூன்று முதுகுகளை அவளுக்குத் தெரியும். கிளைவின் நீலத் தொப்பி. மால்கமின் கூன். ராஸின் சிவப்புக் கழுத்துத் துணி.

"ராஸ்."

ராஸ் திரும்பவில்லை. அவள் தோள் குலுங்கியது. "உனக்குத்தான் வாங்க வந்தேன்," என்று அழுதாள். "இன்னும் என் முறை வரல, டெனிஸ்."

டெனிஸின் கையிலும் ஒரு தட்டு இருந்தது. எடுத்த நினைவில்லை.

திரும்பிப் பார்த்தாள். வளைவின் வழியே கணப்பும் மேசையும் தெரிந்தன. நாலாவது நாற்காலிக்கு ஒருத்தி தட்டோடு போய்க்கொண்டிருந்தாள். டெனிஸின் பச்சைக் கோட். டெனிஸின் நரைத்த தலை. ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தாள். அந்த மூவரும் நகர்ந்து இடம் விட்டு, அவள் தோளைத் தொட்டு, ஆசையாகச் சிரித்தார்கள்.

டெனிஸ் கூப்பிட்டாள். மேசையிலிருந்து பதிலுக்கு ஏற்றமும் இறக்கமுமாக அந்தச் சத்தம் மட்டும் வந்தது.

வரிசை நகரவில்லை. அவள் ராஸின் முதுகுக்குப் பின்னால், மரியாதைக்கு ஓரடி இடம் விட்டு, நின்றாள்.